பார்மட் அடிப்பதற்கு முன் செருக வேண்டிய பென் டிரைவ்

"அண்ணா, சிஸ்டம் ஆன் ஆகுதுங்க, ஆனா உள்ளே போக மாட்டேங்குதுங்க." திருப்பூர் பனியன் கம்பெனியோ, ஈரோட்டு மஞ்சள் மண்டியோ, நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸோ, சர்வீஸ் போன் இப்படித்தான் ஆரம்பிக்கும். போகிறவருடைய கை பையில் முதலில் தேடுவது விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவைத்தான். முக்கால் மணி நேரத்தில் பார்மட் அடித்து, புது ஓ.எஸ். போட்டு, கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். மறுநாள் காலையில்தான் அடுத்த போன் வரும்: "டேலி டேட்டா எங்கீங்க இருக்குது?"

பூட்டபிள் பென் டிரைவ், அதாவது கம்ப்யூட்டர் நேராக அதிலிருந்தே எழும் பென் டிரைவ், என்றாலே ஓ.எஸ். போடுவதற்கு என்று பழகிவிட்டோம். ஆனால் ரிப்பேர் வேலையில் அதற்கு முதல் வேலை, உள்ளே என்ன கோளாறு என்று பார்ப்பது. இரண்டாவது, டேட்டாவைப் பத்திரமாக வெளியே எடுப்பது. பார்மட் கடைசி. பென் டிரைவில் எதையெல்லாம் போடுவது என்பதையும் இந்த வரிசையை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பென் டிரைவில் இருந்தே ஆரம்பிக்கலாம். 32 ஜிபி போதும், 64 ஜிபி தாராளம். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக ஆக்கியது) மட்டுமே 5 ஜிபிக்கு மேல். அதோடு ஹைரன்ஸ் பூட்சிடி பிஇ (ரிப்பேர் கருவிகள் கொண்ட விண்டோஸ்), லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்று ஓ.எஸ்.), சிஸ்டம்ரெஸ்க்யூ (ரிப்பேருக்கான லினக்ஸ்), குளோன்ஜில்லா (டிஸ்க்கை நகல் எடுக்க), மெம்டெஸ்ட்86+ (ரேமைச் சோதிக்க) எல்லாம் சேர்த்தாலும் 20 ஜிபிக்குள்தான் வரும். கொள்ளளவை விட எழுதும் வேகம்தான் முக்கியம். மலிவு பென் டிரைவ் நொடிக்கு 8 எம்பி எழுதினால், 6 ஜிபி ஐஎஸ்ஓ ஏறப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டி அப்கிரேடு செய்யும்போது கழற்றிய 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மேசை டிராயரில் கிடந்தால், அதை ஒரு யூஎஸ்பி கேசிங்கில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பென் டிரைவை விட வேகமாகவும் நீண்ட நாளும் உழைக்கும்.

1 டிபி என்று அச்சடித்து அடிமாட்டு விலைக்கு வரும் பென் டிரைவைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் கண்ட்ரோலர் பொய் சொல்லும். உண்மையான கொள்ளளவைத் தாண்டி எழுதும் ஃபைல்கள் எழுதியதாகவே காட்டும், திறந்தால் குப்பையாக இருக்கும். அப்படிப்பட்ட பென் டிரைவில் கஸ்டமர் டேட்டாவைக் காப்பி செய்துவிட்டுப் பழைய டிஸ்க்கை அழித்தால் கதை முடிந்தது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் பென் டிரைவ் முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுச் சொல்லும். லினக்ஸில் இதே வேலைக்கு எஃப்3 உண்டு. நொடிக்கு 10 எம்பி எழுதும் 64 ஜிபி பென் டிரைவில் எழுதி முடிக்கவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். வாங்கிய அன்று இரவு ஓடவிட்டுவிட்டால் சரி. 64 என்று வாங்கியது விண்டோஸில் 59 என்று காட்டுவது ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

ஒரே பென் டிரைவில் எல்லாம்

வென்டாய் என்ற மென்பொருள் வந்த பிறகு இந்த வேலை சுலபமாகிவிட்டது. வென்டாயைப் பென் டிரைவில் ஒருமுறை இன்ஸ்டால் செய்தால், அது இரண்டு பார்ட்டிஷன் போடும். பெரியது எக்ஸ்ஃபேட், அதில் ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் போதும். சிறியது 32 எம்பி, பூட் ஆக வேண்டியது அதில் இருக்கும். பென் டிரைவில் பூட் செய்தால் ஐஎஸ்ஓக்களின் பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவை இன்ஸ்டால் செய்யும்போது பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பிறகு புது வெர்ஷனுக்கு அப்டேட் கொடுக்கும்போது ஐஎஸ்ஓக்கள் அப்படியே இருக்கும். பார்ட்டிஷன் முறையை எம்பிஆர் என்றே விட்டுவிடுங்கள். பழைய பயாஸ் போர்டிலும் புதிய யூஇஎஃப்ஐ போர்டிலும் அதுவே பூட் ஆகும் (இரண்டுமே கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும், போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்).

எம்பிராய்டரி யூனிட்டுக்குச் சர்வீஸ் போகிறவர்கள் கவனிக்க: டிசைன் ஏற்றும் பென் டிரைவை அவசரத்துக்கு வாங்கி வென்டாய் போட்டுவிடாதீர்கள். பல பழைய எம்பிராய்டரி மெஷின்களுக்கு ஃபேட்32 மட்டும்தான் படிக்கத் தெரியும். பென் டிரைவைச் செருகினால் காலி என்று சொல்லும், ஆபரேட்டர் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பார். பழைய நிலைக்குக் கொண்டுவர விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் கிளீன் (டிஸ்க்கைக் காலியாக்குவது) கொடுத்து, ஒரே பார்ட்டிஷன் போட்டு, ஃபேட்32-ஆக மாற்றவேண்டும். டிஸ்க்பார்ட்டில் செலக்ட் கொடுப்பதற்கு முன் லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, ஜிபி அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்க் 0 பெரும்பாலும் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்காக இருக்கும். கிளீன் கொடுத்தால் மறுபடி ஒரு கேள்வியும் கேட்காது.

ஐஎஸ்ஓவை இறக்கியதும் செக்சம் (ஃபைல் சிதையாமல் முழுதாக வந்ததா என்று காட்டும் எண்) பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் கட்டளை உண்டு. அது தரும் எஸ்எச்ஏ256 எண்ணை இறக்கிய தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதி இறங்கிய ஐஎஸ்ஓ பூட் ஆகி, இன்ஸ்டால் 60 சதவீதத்தில் வந்து நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும். லினக்ஸில் காப்பி செய்தால் பட்டை 100-ஐத் தொட்ட பிறகும் எழுத்து முடிந்திருக்காது. "பாதுகாப்பாக அகற்றலாம்" என்று சொல்லும் வரை பிடுங்காதீர்கள்.

ஹைரன்ஸ் என்றதும் பழைய 15.2 சிடியை நினைப்பவர்கள் இன்னும் உண்டு. 2012-ஓடு நின்றுபோன அந்தப் பதிப்பில் இருப்பது மினி எக்ஸ்பி. இன்றைய என்விஎம்இ எஸ்எஸ்டி அதன் கண்ணுக்கே தெரியாது. இப்போது தேவை பிஇ என்று முடியும் பதிப்பு. விண்டோஸ் மாதிரியே டெஸ்க்டாப் வரும், டிஸ்க் கருவிகள், பாஸ்வேர்டு நீக்கும் கருவி எல்லாம் உள்ளேயே இருக்கும்.

பூட் மெனுவில் இரண்டு தடவை தெரியும் பென் டிரைவ்

பூட் மெனு சாவி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொன்று. டெல், லெனோவோ, கிகாபைட் மூன்றுக்கும் எஃப்12. எச்பிக்கு எஃப்9. அசுஸ் லேப்டாப்புக்கு எஸ்கேப், அசுஸ் போர்டுக்கு எஃப்8. எம்எஸ்ஐ, அஸ்ராக் இரண்டுக்கும் எஃப்11. ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸுக்குள் போய் எனேபிள் செய்யவேண்டியிருக்கும். சாவி வேலை செய்யவில்லை என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக இருக்கலாம். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் அது முழுவதும் அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால்தான் முழுதாக அணையும். இதைச் செய்யாமல் லினக்ஸில் பூட் செய்தால் சி டிரைவ் படிக்க மட்டுமே திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது.

பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்த போர்டுகளில் ஒரே பென் டிரைவ் மெனுவில் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்றின் முன்னால் இருக்காது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் ஒருவருடைய வருஷக்கணக்கே அடங்கியிருக்கிறது. யூஇஎஃப்ஐ இல்லாததில் பூட் செய்து விண்டோஸ் போடப்போனால், "இந்த டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்கிறது, இதில் போட முடியாது" என்று வரும் (ஜிபிடி என்பது யூஇஎஃப்ஐக்கான பார்ட்டிஷன் முறை). அங்கேயே டிஸ்க்பார்ட் திறந்து கிளீன் கொடுத்து, டி டிரைவில் இருந்த பில் கணக்கு, ஃபோட்டோ எல்லாவற்றையும் அழித்துவிடுகிறவர்கள் நிறைய. ரீஸ்டார்ட் செய்து, யூஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தாலே அந்த எச்சரிக்கை வராது.

இதே வகையில் இன்னொன்று. இன்டெல் 11-ஆம் தலைமுறையில் இருந்து வந்த பல லேப்டாப்களில், விண்டோஸ் இன்ஸ்டாலர் டிஸ்க் பட்டியலைக் காலியாகக் காட்டும். "எஸ்எஸ்டி போச்சுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். எஸ்எஸ்டி, இன்டெல் விஎம்டி என்ற கண்ட்ரோலருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இல்லை, அவ்வளவுதான். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பிரித்து, ஒரு ஃபோல்டராகப் பென் டிரைவிலேயே போட்டு வையுங்கள். லோட் டிரைவரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். பயாஸில் விஎம்டியை அணைத்தும் பார்க்கலாம். ஆனால் பழைய விண்டோஸ் உள்ளே உயிரோடு இருந்தால் அது பூட் ஆகாமல் போகும், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிட்லாக்கரும் செக்யூர் பூட்டும்

வீட்டு லேப்டாப்பில் பிட்லாக்கர் இருக்காது என்ற காலம் போய்விட்டது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது. பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான கையெழுத்து இருப்பதை மட்டும் பூட் ஆக விடும் காவல்) அணைத்தாலோ, பயாஸ் அப்டேட் செய்தாலோ, அடுத்த பூட்டில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நீலத்திரை நிற்கும். அந்த எண் இல்லை என்றால் எந்தக் கடையாலும் திறக்க முடியாது. ஆகையால் விண்டோஸ் இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால், பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். ஓடவில்லை என்றால், சொந்தக்காரரை அவருடைய போனிலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லி மீட்பு எண்ணை எடுத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கும் மெஷினில் வென்டாயை முதல் தடவை பூட் செய்தால், செக்யூரிட்டி வயலேஷன் என்று ஒரு கட்டம் வரும். ஓகே கொடுத்தால் நீல மெனு திறக்கும். அதில் என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க், பிறகு வென்டாயின் சிறிய பார்ட்டிஷன், அதில் இருக்கும் சான்றிதழ் ஃபைல், கன்டினியூ, யெஸ், ரீபூட். அந்த மெஷினுக்கு ஒருமுறை செய்தால் போதும். நம் சொந்த மெஷினில் இது சரி. கஸ்டமர் மெஷினில் ஒரு வெளிச்சாவியை நிரந்தரமாகப் பதித்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்காகவே, கையெழுத்திட்ட பூட்லோடரோடு (ஓ.எஸ்.ஸை எழுப்பும் சின்ன புரோகிராம்) வரும் இரண்டு பென் டிரைவ்கள் தனியாக இருக்கட்டும்: மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலில் செய்த விண்டோஸ் ஒன்று, உபுண்டு ஒன்று. செக்யூர் பூட்டைத் தொடாமலேயே இரண்டும் எழும். மீடியா கிரியேஷன் டூலுக்குக் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும்.

செக்யூர் பூட்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனில் இருந்து முடியத் தொடங்குகிறது, அவற்றின் இடத்தில் 2023 சான்றிதழ்கள் வருகின்றன. பழைய சான்றிதழை ரத்து செய்துவிட்ட மெஷினில் பழைய இன்ஸ்டால் பென் டிரைவ் எழாது. இரண்டு வருஷம் முன்பு செய்த பென் டிரைவ் ஒரு மெஷினில் மட்டும் பூட் ஆக மறுத்தால், பென் டிரைவைத் தூக்கிப் போடாமல் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

பார்ப்பது

பென் டிரைவை மெஷினுக்குப் பின்னால், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். பல்லடம், சோமனூர் தறிக்குடோன்களிலும் நிட்டிங் யூனிட்டுகளிலும் முன்பக்க போர்ட் முழுக்கப் பஞ்சு அடைத்திருக்கும். அங்கிருந்து போர்டுக்குப் போகும் ஒயரும் தளர்ந்திருக்கும். இன்ஸ்டால் பாதியில் 80070570 என்று முடியும் பிழை எண் வந்தால், ஃபைல் சிதைந்து வந்து சேருகிறது என்று அர்த்தம். முதலில் போர்ட்டை மாற்றுங்கள், பிறகு பென் டிரைவை, அதற்குப் பிறகு ரேமைச் சோதியுங்கள். பஞ்சுத் தூசி ரேம் காதுகளிலும் படியும். கழற்றித் துடைத்துப் போட்டாலே பாதி நீலத்திரைகள் போய்விடும்.

மெம்டெஸ்ட்86+ ஒரு சுற்றாவது முழுமையாக ஓடவேண்டும். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் பிழை தந்தால் குற்றம் போர்டில் இருக்கிறது.

டிஸ்க்குக்கு ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு, பார்க்கவேண்டும். ஹைரன்ஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, சிஸ்டம்ரெஸ்க்யூவில் ஸ்மார்ட்சிடிஎல். ஹார்ட் டிஸ்க்கில் நான்கு எண்கள்தான் பார்க்கவேண்டியவை. 5-ஆம் எண் வரிசை, கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள். 197, படிக்கத் திணறி மாற்றத்துக்குக் காத்திருப்பவை. 198, திருத்தவே முடியாதவை. இந்த மூன்றில் 197 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் விண்டோஸ் போடுவது வீண் வேலை. 199 (கேபிள் வழியில் வரும் பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், சாட்டா கேபிளை மாற்றுங்கள். அதற்காகப் புது டிஸ்க் வாங்கியவர்கள் பாவம்.

எடுப்பது

டிஸ்க் நல்ல நிலையில் இருந்து விண்டோஸ் மட்டும் எழவில்லை என்றால், இன்ஸ்டால் பென் டிரைவே போதும். முதல் திரையில் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கறுப்புத் திரை வரும், லேப்டாப்பில் சில சமயம் எஃப்என் சாவியும் சேர்க்கவேண்டும். அங்கே நோட்பேட் என்று அடியுங்கள். நோட்பேடின் ஓப்பன் கட்டத்தில் ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் எல்லா டிரைவும் தெரியும். வலது கிளிக்கில் காப்பி, பேஸ்ட் எல்லாம் வேலை செய்யும். முன்னேற்றப் பட்டை வராது, திரை உறைந்த மாதிரி இருக்கும், பொறுத்திருங்கள். அதிக டேட்டா என்றால் விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளை நல்லது. ஆனால் அதன் இயல்பான அமைப்பில், படிக்க முடியாத ஃபைலுக்கு 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் தடவை முயலும். /ஆர்:1 /டபிள்யூ:1 என்று சேர்க்காவிட்டால் ஒரே ஃபைலில் விடிய விடிய நிற்கும். /எக்ஸ்ஜே சேர்த்தால் யூசர் ஃபோல்டருக்குள் சுற்றிச் சுற்றி வராது.

எதை எடுப்பது என்பதில்தான் நம்மூர் அனுபவம் வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் எல்லோருக்கும் தெரியும். டேலி டேட்டா அங்கே இருக்காது. டேலியின் பழைய பதிப்பான இஆர்பி9 என்றால் பெரும்பாலும் சி டிரைவில் டேலி ஃபோல்டருக்குள் டேட்டா. புதிய பதிப்பான பிரைம் என்றால் யூசர்ஸ், பப்ளிக் என்று போய்ப் பார்க்கவேண்டும். எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால் பார்மட்டுக்கு முன் டேலி லைசென்சை சரண்டர் செய்துவிடுங்கள், மறுபடி ஆக்டிவேட் செய்யும்போது தகராறு இருக்காது. டிடிபி, பத்திரிகை அடிக்கும் கடை என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் முழுவதும் வேண்டும். பாமினி வகை எழுத்துருவில் அடித்த பத்து வருஷக் கல்யாணப் பத்திரிகைகள், அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அவுட்லுக்கில் மெயில் வைத்திருக்கும் எக்ஸ்போர்ட் ஆபீஸ் என்றால் பிஎஸ்டி ஃபைல்.

டிஸ்க் திணறுகிறது என்றால் ஃபைல் ஃபைலாக இழுக்காதீர்கள், ஒவ்வொரு முயற்சியும் அதைக் கொல்லும். சிஸ்டம்ரெஸ்க்யூவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை மூலம் டிஸ்க் முழுவதையும் வேறொரு பெரிய டிஸ்க்குக்குப் படமாக எடுங்கள். முதல் சுற்றில் சுலபமாக வருவதை மட்டும் எடுக்கச் சொல்லவேண்டும். இரண்டாவது சுற்றில்தான் மூன்று மறுமுயற்சி. எதுவரை எடுத்தது என்று குறித்துக்கொள்ளும் மேப்ஃபைலைக் கெட்ட டிஸ்க்கிலோ, பூட் ஆன ஐஎஸ்ஓவின் தற்காலிக இடத்திலோ வைக்காமல் வெளி டிஸ்க்கில் வையுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். அப்புறம், மாதாந்திர மின் நிறுத்தம் என்றைக்கு என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 1 டிபி டிஸ்க் ஒன்று பத்து மணி நேரம் எடுத்துக்கொள்வது சகஜம். டிஸ்க் டக் டக் என்று தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள், அது பென் டிரைவ் வேலை இல்லை.

போடுவது

டேட்டா வெளியே வந்த பிறகும் பார்மட் தேவைப்படாமல் போகலாம். பூட் ஃபைல் மட்டும் போயிருந்தால் அதே கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் திறந்து, 100 எம்பி அளவில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எஸ் என்று எழுத்துக் கொடுங்கள். வெளியே வந்து பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டரின் பாதை, /எஸ் என்பதோடு அந்த எழுத்து, /எஃப் என்பதோடு யூஇஎஃப்ஐ. பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் கொடுத்து "ஆக்ஸஸ் டினைட்" பார்த்தவர்களுக்கு இதுதான் மாற்று. இன்ஸ்டாலருக்குள் விண்டோஸ் இருக்கும் டிரைவ் சி என்று இருக்காது, டி ஆகவோ ஈ ஆகவோ மாறியிருக்கும். டிர் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத்தான் போடவேண்டும் என்றால், ஐஎஸ்ஓவை இன்ஸ்டால் பென் டிரைவாக மாற்றும் ரூஃபஸ் மென்பொருள். ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 ஏற்காது. ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் போட்டு, அதைப் படிக்கத் தெரிந்த சிறிய பூட் பார்ட்டிஷன் ஒன்றையும் சேர்த்துவிடும். ஸ்டார்ட் கொடுத்ததும் வரும் கட்டத்தில், பிட்லாக்கர் தானாகப் பூட்டுவதை நிறுத்தும் டிக் ஒன்று உண்டு. கடை மெஷின்களுக்கு அதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தவிர்க்கும் டிக்கும் அங்கேயே இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் அந்த டிக்குக்குத் தேவை கூடிவிட்டது. ஆனால் கோர் 2 டுவோ மெஷினில் எந்த டிக்கும் உதவாது. 24எச்2-வில் இருந்து விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் கட்டளைகள் அதில் கிடையாது, பூட்டே ஆகாது. பிரவுசரும் பில்லும் மட்டும் போதும் என்கிற ஆட்களுக்கு அதில் லினக்ஸ் மின்ட் போடுங்கள். டேலி வேண்டும் என்றால் மெஷினை மாற்றச் சொல்லுங்கள்.

பென் டிரைவை ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், முக்கியமாக ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்களில். ஃபோல்டர்களை மறைத்து ஷார்ட்கட் ஆக்கும் வைரஸ் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. மெஷினை அணைத்து, பென் டிரைவைச் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள். டேட்டா எடுக்க வேறு பென் டிரைவ், பூட்டுக்கு வேறு. எழுதாமல் தடுக்கும் சுவிட்ச் இருக்கும் பென் டிரைவ் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒவ்வொரு பென் டிரைவிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ளே என்ன, எந்த வெர்ஷன், எந்த மாதம் செய்தது என்று மார்க்கரில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐஎஸ்ஓக்களை மாற்றுங்கள். மாற்றியதும் ஒரு பழைய பயாஸ் மெஷினிலும் ஒரு செக்யூர் பூட் லேப்டாப்பிலும் பூட் செய்து பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்.